பின்னணியாக்கப்பட்டவர்கள்: வாழ்க்கைமுறை இதழ்களின் நிற வரலாறு

வடிவமைப்பு படிக்கும் தம்பி தங்கைகள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நிறத்தில் என்ன அரசியல் இருக்கிறது? எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்பது அறிவியல்தானே?" நியாயமான கேள்வி. வகுப்பில் நிறச் சக்கரத்தைக் காட்டுகிறார்கள். எதிர் நிறம், ஒத்த நிறம், சூடான நிறம், குளிர்ந்த நிறம் என்று சொல்லித் தருகிறார்கள். அந்தப் பாடம் எங்கே பிறந்தது, யாருடைய தோலை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்பதைச் சொல்லித் தருவதில்லை.

அழகு நிலையத்தின் மேசையில் கிடக்கும் பளபளப்பான வாழ்க்கைமுறை இதழ்களை நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் எது அழகு, எது சுத்தம், எது கௌரவம் என்ற பொதுப்புத்தியை வளர்த்ததில் அந்தப் பக்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பொதுப்புத்திதான் பெண் பார்க்கும் வீட்டிலும், வேலைக்கான நேர்காணல் அறையிலும் நம் பிள்ளைகளை எடைபோடுகிறது. ஆகவே இதழ்களின் நிறத்துக்கும் வரலாறு எழுதுவோம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். யாரைப் பின்னணியாக வைத்து அந்த நிறம் பளிச்சிட வைக்கப்படுகிறது என்றும் கேட்க வேண்டும்.

சாயப்பட்டறையில் வந்த புகார்

1824-ஆம் ஆண்டு. பாரீஸில் கோப்லான் என்ற அரசு நெசவாலை. அரண்மனைகளுக்குத் திரைச்சீலை நெய்யும் இடம். அதன் சாயப் பிரிவுக்கு மிஷெல் யூஜேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். அவரிடம் ஒரு புகார் வந்தது: இங்கே போடும் கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் மங்கிப் போகிறது.

ஷெவ்ரல் கறுப்பு நூலைச் சோதித்தார். மற்ற ஆலைகளின் நூலோடு ஒப்பிட்டார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது. இரண்டு நிறங்கள் அருகருகே இருக்கும்போது ஒன்று மற்றொன்றின் தோற்றத்தை மாற்றிவிடுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். இந்த விதியை விளக்கி 1839-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். துணி, உடை, வீட்டு அலங்காரம், தோட்டம், அச்சு என எல்லாவற்றுக்கும் அந்த விதியைப் பொருத்திக் காட்டினார்.

சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஜெர்மனியிலிருந்து நாஜிகளால் வெளியேற நேர்ந்த கலை ஆசிரியர் யோசெப் ஆல்பர்ஸ் அமெரிக்காவில் இதையே பயிற்சியாக மாற்றினார். ஒரே நிறத் தாளில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றை வெளிர் தாளிலும் மற்றொன்றை அடர் தாளிலும் ஒட்டச் சொல்வார். பார்ப்பவர்கள் அவை இரண்டு வேறு நிறங்கள் என்பார்கள். 1963-இல் வந்த அவருடைய நூல் இன்றும் உலகெங்கும் வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடம்.

இங்கே சமூகவியல் படித்தவர்களாக நாம் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நிறத்துக்குத் தனியாக மதிப்பு இல்லை, அது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதே மதிப்பைத் தீர்மானிக்கிறது என்கிறது இந்தக் கோட்பாடு. சாதியைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் சொன்னதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. சாதி என்பது தனித்தனிப் பெட்டிகள் அல்ல, படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார் அவர். மேலே இருப்பவருக்கு உயர்வு வருவதே கீழே ஒருவரை வைத்திருப்பதால்தான். ஷெவ்ரலிடம் வந்த புகாரிலும் அதே கதைதான். பக்கத்தில் இருந்தது செய்த வேலைக்குப் பழி கறுப்பின் மேல் விழுந்தது.

பெண்களின் தூரிகையிலிருந்து "நிறம் விற்கும்" வரை

இதழ்களில் நிறம் முதலில் இயந்திரத்தால் வரவில்லை, கையால் வந்தது. 1830-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கிய கோடீஸ் லேடீஸ் புக் என்ற பெண்கள் இதழின் புகழுக்குக் காரணம் அதன் வண்ண உடைப் படங்கள். கறுப்பில் அச்சான படங்களுக்குப் பிரதி பிரதியாகத் தூரிகையால் நிறம் தீட்ட வேண்டும். அந்த வேலைக்குச் சுமார் 150 பெண்களை அந்த இதழ் வைத்திருந்தது. சீமாட்டிகளின் கவுனுக்குச் சிவப்பும் பச்சையும் தீட்டிய அந்தக் கைகளின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. வாழ்க்கைமுறை இதழின் நிறத்துக்குப் பின்னால் முதலிலிருந்தே பெயரற்ற உழைப்பு இருந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

பிறகு புகைப்படமும் நான்கு வண்ண அச்சும் வந்தன. வோக் இதழின் முதல் வண்ணப் புகைப்பட அட்டை 1932 ஜூலை 1 இதழில் வெளியானது. எடுத்தவர் எட்வர்ட் ஸ்டைக்கன். நீச்சல் உடையில் பந்தைத் தூக்கிப் பிடித்த வெள்ளைப் பெண் அதில் இருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1935-இல், வோக்கை நடத்திய காண்டே நாஸ்ட் நிறுவனம் விளம்பரதாரர்களுக்காக ஒரு புத்தகம் போட்டது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் "நிறம் விற்கும்". அமெரிக்கா பொருளாதார நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. கறுப்பு வெள்ளைப் பக்கத்தைவிட வண்ணப் பக்கம் சோப்பையும் காரையும் உதட்டுச் சாயத்தையும் அதிகம் விற்கும் என்பதுதான் அவர்களின் வாதம்.

ஆக, நிறக் கோட்பாடு இதழுக்குள் நுழைந்தது சந்தையின் கைப்பிடித்து. யாரிடம் விற்கிறோம் என்று முடிவாகிவிட்டால், யாருடைய தோல் பக்கத்தின் மையம் என்பதும் முடிவாகிவிடுகிறது. பொன்னிறக் கூந்தலும் ரோஜா நிறக் கன்னமும் உள்ள பெண்ணைச் சுற்றித்தான் மற்ற நிறங்கள் அமைக்கப்பட்டன. குழந்தைகளின் கைக்கும் அதே கணக்கு போனது. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் விற்ற வண்ணக் குச்சிகளில் வெளிர் இளஞ்சிவப்பு ஒன்றுக்கு "தோல் நிறம்" என்று பொருள்படும் பெயர் இருந்தது. 1962-இல்தான் அது பீச் பழத்தின் பெயருக்கு மாறியது. அதுவரை கறுப்பினக் குழந்தை தன் அம்மாவின் படத்துக்கு நிறம் தீட்டினால், அந்த அம்மாவின் தோல் பெட்டிக்குள் "தோல்" என்று இல்லை.

ஷெர்லி என்ற அளவுகோல்

புகைப்படச் சுருளைக் கழுவி அச்சிடும் கூடங்களில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஓர் அட்டை வேண்டும். 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் கூடங்களுக்கு அப்படி ஓர் அட்டையை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும். முதல் மாடலின் பெயர் ஷெர்லி. பிறகு வந்த பெண்கள் வேறு வேறு என்றாலும் எல்லா அட்டைக்கும் ஷெர்லி அட்டை என்றே பெயர் நிலைத்தது. அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி, நிறம் சரி.

அந்த அளவுகோலில் கறுப்பு முகங்கள் என்ன ஆயின? பள்ளிக் குழுப் படத்தில் வெள்ளைக் குழந்தையின் முகம் தெளிவாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் கறுப்பினக் குழந்தையின் பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். "உன் நிறம் அப்படி, படத்தில் வராது" என்றார்கள். சுருளின் வேதியியல் வெளிர் தோலுக்காகச் சரிசெய்யப்பட்டிருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை.

கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கசப்பான செய்தி இருக்கிறது. கோடாக் தன் சுருளின் பழுப்பு நிற வீச்சை விரிவாக்கக் காரணமானவர்கள் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் சாக்லேட் தயாரிப்பாளர்களும். விளம்பரப் படத்தில் ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும், பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்கள். நிறுவனம் வேலையைத் தொடங்கியது. மனித முகம் சாதிக்காததை மேசையும் மிட்டாயும் சாதித்தன. ஷெர்லி அட்டையில் பல இனப் பெண்கள் இடம்பெற்றது 1990-களில்தான்.

அச்சிலும் இதே நிலைதான். இதழ் அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் சிறு புள்ளிகளே படமாகின்றன. தாளில் மை கொஞ்சம் பரவும். வெளிர் தோலில் புள்ளிகள் சிறியவை என்பதால் பரவினாலும் பெரிய சேதம் இல்லை. அடர்ந்த தோலில் புள்ளிகள் நெருக்கமானவை. பரவி ஒன்றோடொன்று ஒட்டினால் புருவமும் கன்னத்தின் வளைவும் ஒரே கறையாகிவிடும். ஆனால் இதற்கு வழி உண்டு. படமெடுக்கும்போது ஒளியை மாற்றி வைக்கலாம். பிளேட் போடும்முன் கறுப்பு மையைக் குறைத்து நிழல் பகுதிகளைத் திறந்துவிடலாம். மை அதிகம் பரவாத தாளைத் தேர்ந்தெடுக்கலாம். அச்சகத் தொழிலாளிக்குத் தெரிந்த வேலைதான் இது. அதைச் செய்யச் சொல்லும் ஆசிரியர் வேண்டும். கறுத்த முகம் அச்சில் வராது என்ற பேச்சு அச்சின் விதியாகப் புழங்கியது, உண்மையில் அது அச்சிட்டவர்களின் பழக்கம்.

கருங்காலி என்று பெயர் வைத்தவர்கள்

பின்னணியில் நிறுத்தப்பட்டவர்கள் தாங்களே இதழ் நடத்தினால் என்ன ஆகும்? 1945 நவம்பரில் சிகாகோவில் ஜான் ஜான்சன் அதைச் செய்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தன் தாயின் மரச்சாமான்களை அடகு வைத்து 500 டாலர் கடன் வாங்கி நீக்ரோ டைஜஸ்ட் என்ற முதல் இதழைத் தொடங்கியவர் அவர். புதிய இதழுக்கு அவருடைய துணைவியார் யூனிஸ் ஜான்சன் எபனி என்று பெயர் வைத்தார். எபனி என்றால் கருங்காலி. கறுப்பாக, கெட்டியாக, விலை உயர்ந்ததாக இருக்கும் மரம். முதல் இதழின் 25,000 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தன.

அட்டையின் மூலையில் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. அன்று அமெரிக்காவின் மிகப்பெரிய பட இதழான லைஃப் பயன்படுத்திய அதே பாணி. இதை வெறும் நகல் என்று நாம் பார்க்கவில்லை. ஆதிக்கத்தின் நிறத்தை எடுத்து, அதன் பக்கத்தில் தங்கள் முகத்தை வைத்தார்கள். ஷெவ்ரலின் விதி இப்போது வேறு திசையில் வேலை செய்தது.

இழிவாகச் சொல்லப்பட்டதையே பெயராகத் தூக்கிப் பிடிப்பது நமக்குப் புதிது அல்ல. எபனிக்கு 52 ஆண்டுகளுக்கு முன், 1893-இல், தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் "பறையன்" என்ற பெயரில் இதழ் நடத்தினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் "ஒரு பைசாத் தமிழன்" தொடங்கினார். அவர்களிடம் வண்ண மை இல்லை, பளபளப்புத் தாள் இல்லை. பெயர் இருந்தது, சொந்தப் பக்கம் இருந்தது.

எபனியின் வரலாற்றைப் புனிதமாக்கவும் வேண்டாம். அதன் பக்கங்களில் தோலை வெளுப்பாக்கும் களிம்புகளின் விளம்பரங்கள் பல ஆண்டுகள் வந்தன. அட்டைகளில் வெளிர் நிறக் கறுப்பினப் பெண்களே அதிகம் இடம்பெற்றார்கள். 1966 பிப்ரவரி இதழ், கறுப்பினப் பெண்கள் முன்பைவிட அழகாகிவருகிறார்களா என்று அட்டையிலேயே கேட்டபோது வாசகர்களின் கோபம் கிளம்பியது. யாருடைய அளவுகோலில் அழகு என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஜூன் இதழின் அட்டையில், சுருள்முடியை நீட்டி நேராக்காமல் இயல்பாக விட்ட ஒரு பெண் இருந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் இதழ் என்பதால் ஆதிக்க அளவுகோல் தானாக உதிர்ந்துவிடாது. அதை உதிர்க்க வாசகர்கள் வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. எபனி 1958 முதல் ஊர் ஊராக உடை அலங்கார நிகழ்ச்சிகளை நடத்திவந்தது. அதில் நடந்த கறுப்பின மாடல்கள் கடைகளில் தங்கள் தோலுக்குப் பொருந்தும் முகப்பூச்சு கிடைக்காமல், இரண்டு மூன்றைத் தாங்களே கலந்து பூசிக்கொண்டார்கள். யூனிஸ் ஜான்சன் அதைக் கவனித்தார். 1973-இல் அடர்ந்த தோல்களுக்கான ஃபேஷன் ஃபேர் ஒப்பனைப் பொருட்கள் சந்தைக்கு வந்தன. அந்தப் பெண்கள் மேடைக்குப் பின்னால் உள்ளங்கையில் செய்துகொண்டிருந்ததும் நிறக் கோட்பாடுதான். பாடநூல் அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை.

அட்டைக்கு வந்த பயணம்

வெள்ளையர் இதழ்களின் அட்டைக்குக் கறுப்பினப் பெண்கள் வந்த வேகத்தைப் பாருங்கள். 1966 மார்ச்சில் பிரிட்டிஷ் வோக் அட்டையில் டோன்யேல் லூனா தோன்றினார். அவருடைய கையே முகத்தின் பெரும்பகுதியை மறைத்தது. அமெரிக்க வோக் அட்டையில் முதல் கறுப்பினப் பெண்ணாக பெவர்லி ஜான்சன் இடம்பெற்றது 1974 ஆகஸ்டில். அமெரிக்க வோக்கின் அட்டையைக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் முதன்முதலாகப் படமெடுத்தது 2018 செப்டம்பரில். இதழ் பிறந்து 126 ஆண்டுகள் கழித்து, 23 வயது டைலர் மிட்செல் பாடகி பியான்சேயை எடுத்தார்.

கேமராவின் முன்னால் போய் நிற்பதற்கும், கேமராவின் பின்னால் நின்று ஒளியை முடிவு செய்வதற்கும் இடையே 44 ஆண்டுகள். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை நாம் பயன்படுத்தும்போதெல்லாம் இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மாத இடைவெளியில் இரண்டு இதழ்கள்

2008 ஜூலையில் இத்தாலிய வோக் ஓர் இதழ் முழுவதையும் கறுப்பின மாடல்களுக்கு ஒதுக்கியது. இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடியும் அச்சிட வேண்டிவந்தது. கறுப்பு முகம் அட்டையில் இருந்தால் விற்காது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்ட சாக்கு உடைந்தது.

அடுத்த மாதம், 2008 ஆகஸ்டில், அதே பெயர் கொண்ட இந்திய வோக் 16 பக்கங்களுக்கு ஒரு படத்தொடர் வெளியிட்டது. மாடல்கள் இல்லை. சாதாரண ஏழை மக்கள். முன் பற்கள் விழுந்த பாட்டியின் கையில் ஒரு குழந்தை. அதன் கழுத்தில் சுமார் 100 டாலர் விலையுள்ள ஃபெண்டி துணி. வெறுங்காலுடன் நிற்கும் ஒருவரின் கையில் சுமார் 200 டாலர் விலையுள்ள பர்பெரி குடை. ஒரே மோட்டார் சைக்கிளில் நெருக்கி உட்கார்ந்த குடும்பம். அந்தத் தாயின் கையில் 10,000 டாலருக்கும் மேல் போகும் எர்மெஸ் பை. அன்றைய உலக வங்கிக் கணக்குப்படி, நாள் ஒன்றுக்கு 1.25 டாலருக்கும் குறைவாக வைத்து வாழ்ந்த இந்தியர்கள் சுமார் 45.6 கோடி.

பையின் பெயர் பக்கத்தில் இருந்தது. குடையின் பெயர் இருந்தது. மனிதர்களின் பெயர் இல்லை. விமர்சனம் எழுந்தபோது, இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே இதழின் ஆசிரியர் தந்த பதிலின் சாரம்.

அந்தப் பக்கங்களை வடிவமைப்பாளரின் கண்ணால் படிப்போம். விலை உயர்ந்த பொருள் பளிச்சிட வேண்டுமானால் அதற்கு எதிரான ஒரு தளம் வேண்டும். சுருங்கிய தோல், வெயிலில் கறுத்த கை, பல்லில்லாத சிரிப்பு, வெறுங்கால் எல்லாம் அங்கே தளமாகப் பயன்பட்டன. வெளிர் தாள் துண்டு பளிச்சிட ஆல்பர்ஸ் அடர் தாளைக் கீழே வைத்தார் அல்லவா? இங்கே கீழே வைக்கப்பட்டவர்கள் மனிதர்கள். இத்தாலியில் கறுப்பு முகம் முன்னணிக்கு வந்த அடுத்த மாதமே, இந்தியாவில் ஏழையின் முகம் பைக்குப் பின்னணியானது. அந்தப் பாட்டி எந்தச் சாதி என்று நாம் கேட்கவில்லை. வறுமையை அழகான பின்னணியாகப் பார்க்கும் கண் எங்கே பயிற்சி பெற்றது என்று கேட்கிறோம். சேரியை ஊருக்கு வெளியே வைத்து, அதன் உழைப்பை மட்டும் ஊருக்குள் எடுத்துக்கொண்ட சமூகத்துக்கு அந்தக் கண் புதிது அல்ல.

வர்ணம் வேறு, நிறம் வேறு

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வர்ணம் என்றால் நிறம்தானே, ஆகவே சாதி என்பது தோல் நிறம்தானே என்று சில தோழர்கள் அவசரப்படுகிறார்கள். புரட்சியாளர் அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. சாதி ஒழிப்பு நூலில், பஞ்சாப் பிராமணரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனம்தான், சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனம்தான் என்று வாதிட்டார். 1946-இல் எழுதிய "சூத்திரர்கள் யார்?" நூலில், வெள்ளை நிற ஆரியர் கறுப்பு நிறத்தவரை வென்றதால் வர்ணம் பிறந்தது என்ற கோட்பாட்டை ஆதாரங்களோடு மறுத்தார்.

எல்லாச் சாதியிலும் கறுப்பு உண்டு, சிவப்பு உண்டு. "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்ற பேச்சை நம்மில் பலர் கல்லூரி விடுதியிலும் அலுவலகத்திலும் கேட்டிருக்கிறோம். பாராட்டுபோல் சொல்லப்படும் அந்த வாக்கியத்துக்குள் இரண்டு பொய்கள் இருக்கின்றன. தலித் என்றால் கறுப்பு என்பது ஒன்று. கறுப்பு என்றால் இழிவு என்பது மற்றொன்று. முதல் பொய்யை மறுத்துவிட்டு இரண்டாவதை விட்டுவைத்தால் நாம் பாதி வழியிலேயே நின்றுவிடுவோம்.

அந்த இரண்டாவது பொய்யை விற்றுப் பிழைத்த சந்தை மிகப் பெரியது. 1975-இல் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. இதழ் விளம்பரங்களிலும் தொலைக்காட்சியிலும் நாம் பார்த்துப் பழகிய சிவப்பழகு விளம்பரத்தின் வடிவம் நினைவிருக்கும்: முதல் படத்தில் கறுத்த முகம், சாம்பல் பின்னணி, குனிந்த தலை. கடைசிப் படத்தில் வெளுத்த முகம், இளஞ்சிவப்பு ஒளி, கையில் வேலை உத்தரவு. முகத்தின் நிறத்தோடு பின்னணியின் நிறமும் ஒளியும் சேர்த்தே மாற்றப்படுகின்றன. தலைகுனிவைக் கறுப்போடு ஒட்டவைக்க நிறக் கோட்பாடு வேலைக்கு அமர்த்தப்பட்டது.

எதிர்ப்பும் எழுந்தது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் "கறுப்பே அழகு" என்ற பொருளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதில் முகம் கொடுத்தபோது நாடு முழுவதும் பேச்சானது. 2014-இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், கறுத்த நிறத்தவரை அழகற்றவராக, வேலைக்கோ திருமணத்துக்கோ தகுதியற்றவராக விளம்பரங்களில் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020-இல், கறுப்பினத்தவரின் உயிரும் முக்கியம் என்ற முழக்கம் உலகெங்கும் எழுந்தபோது, அந்தக் களிம்பின் பெயரிலிருந்து "ஃபேர்" நீங்கி "குளோ" வந்தது. அதே ஆண்டு ஷாதி டாட் காம் தன் தேடலில் இருந்த தோல் நிறத் தெரிவை நீக்கியது. பெயரும் தெரிவும் போயின. அளவுகோல் போய்விட்டதா என்பதை மணமக்கள் தேவை விளம்பரங்களைப் படிப்பவர்கள் சொல்லட்டும். அங்கே நிறத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் சாதி இன்றும் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர்களே, அடுத்த முறை ஒரு வாழ்க்கைமுறை இதழைப் புரட்டும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் எது முன்னணி, எது பின்னணி? பின்னணியில் மனிதர்கள் இருந்தால் அவர்களுக்குப் பெயர் இருக்கிறதா? அடர்ந்த தோல் எந்தப் பொருளோடு, எந்த ஒளியில், எந்த உணர்ச்சியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது? ஒளியையும் மையையும் முடிவு செய்தவர்களின் பட்டியலில் யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம் இப்படிப் பார்த்துக் குறித்துவைத்தாலே நல்ல ஆய்வுக் கட்டுரைக்கான தரவு கிடைத்துவிடும்.

துண்டறிக்கையும் சுவரொட்டியும் வடிவமைக்கும் தோழர்களுக்கு இன்னொரு வரலாறு. 1967-இல் தொடங்கிய பிளாக் பேந்தர் பத்திரிகைக்கு எமரி டக்ளஸ் என்ற கலைஞர் படம் போட்டார். கையில் பணம் இல்லை. கறுப்போடு இன்னொரு மைக்கு மட்டுமே வழி இருந்த இதழ்கள் பல. அவர் தடித்த கறுப்புக் கோடுகளால் உழைக்கும் மக்களின் முகங்களை வரைந்து, கிடைத்த அந்த ஒரு நிறத்தைத் தளமாக வைத்தார். வறுமை அங்கே யாருக்கும் அலங்காரமாகவில்லை. முகம் முன்னால் நின்றது, நிறம் அதற்குத் துணை நின்றது. அந்த இயக்கத்தின் பெயரைத்தான் 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் நீலம் இருக்கிறது. இன்று கைப்பேசியிலேயே லட்சக்கணக்கான நிறங்கள் இருக்கின்றன. ஆனால் நம் நிகழ்ச்சிகளின் பதாகைகளிலேயே தலைவர்களின் முகத்தை வெளுப்பாக்கும் பழக்கத்தைப் பார்க்கிறோம். அழகுபடுத்தும் செயலியில் நம் தங்கையின் முகத்தை இரண்டு படி வெளுக்க வைத்து, அதன் பிறகு பகிர்கிறோம். ஷெர்லி அட்டை அச்சுக் கூடத்திலிருந்து போய்விட்டது. நம் விரலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பதாகைக்கு முகத்தைத் தொடாதீர்கள். பின்னணியை மாற்றிப் பாருங்கள், ஒளியை மாற்றிப் பாருங்கள். கறுத்த முகம் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு கம்பீரமாக வருகிறது என்று உங்கள் கண்ணே சொல்லும்.

கோப்லான் ஆலையில் கறுப்பு நூலில் குறை இல்லை என்று கண்டறிய ஒருவர் அதைக் கையில் எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. நம் மக்களின் மேல் சுமத்தப்பட்ட ஒவ்வொரு குறையையும் அப்படிக் கையில் எடுத்துச் சோதிப்பதுதான் படித்த நம் வேலை.

ஜெய்பீம்!